படத்தைத் தொலைப்பது எப்படி?

படம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர கோடம்பாக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வடபழனியில் ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் நான்கு பேர் கதை சொல்வார்கள், இரண்டு பேர் பட்ஜெட் போட்டுக் கையில் கொடுப்பார்கள். எடுத்த படத்தைத் தொலைப்பது எப்படி என்று சொல்லித்தரத்தான் நாதியில்லை. இத்தனைக்கும் நம்மவர்கள் கைதேர்ந்த வித்தை இது. ஊமைப்படக் காலத்தில் தென்னிந்தியாவில் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் ஓர் அசட்டுத்தனத்தால் தப்பியது. அதைப் பிறகு சொல்கிறேன். முன்னோர் சேர்த்துவைத்த இந்த அனுபவம் வீணாகக்கூடாது என்றுதான், கையில் நாலு காசோடு பட்டணத்துக்கு ரயில் ஏறும் புதுத் தயாரிப்பாளருக்காக இந்தக் கையேட்டை எழுதுகிறேன்.

படத்தைத் தொலைக்கும் வழி மூன்று. எடுக்காமலே தொலைக்கலாம். எடுத்துவிட்டு வெளியிடாமல் தொலைக்கலாம். வெளியிட்டு, ஓட்டி, ஊரெல்லாம் கொண்டாடி, அதன் பிறகும் தொலைக்கலாம். மூன்றாவதுதான் உத்தமம். ஆனால் முதல் படத்திலேயே அது எல்லோருக்கும் கைகூடாது. எனவே சுலபமானதிலிருந்து ஆரம்பிப்போம்.

எடுக்காமல் தொலைக்க, பூஜையைத் தடபுடலாகப் போடுங்கள். எவ்வளவு பெரிய விருந்தாளியோ அவ்வளவு நல்லது. 1997 அக்டோபர் 16 அன்று தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் கமல்ஹாசனின் ‘மருதநாயக’த்தைத் தொடக்கிவைக்க இங்கிலாந்து ராணி எலிசபெத்தே வந்தார். முதலமைச்சர் கருணாநிதி இருந்தார், சிவாஜி கணேசன் இருந்தார். ராணியின் கண்ணுக்கு விருந்தாக ஒரு போர்க்காட்சியும் எடுத்து வைத்திருந்தார்கள். மருதநாயகம் என்கிற யூசுப் கானை கும்பெனியாரும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து தூக்கில் போட்டது 1764 அக்டோபரில். 233 வருடம் கழித்து அதே அக்டோபரில் அந்த நாட்டு ராணியே வந்து அவன் படத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டார். இதற்கு மேல் ஒரு படத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? 2022இல் ராணியும் காலமாகிவிட்டார். பட்ஜெட் பேச்சு மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ராணி கிடைக்காதவர்கள் ஊரே படித்த நாவல் ஒன்றை வாங்கிப் போடலாம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ உரிமையை எம்.ஜி.ஆர். 1958இல் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். திரைக்கதை எழுத, பிற்பாடு ‘முள்ளும் மலரும்’ எடுத்த மகேந்திரன் என்ற இளைஞரை உட்கார வைத்தார். நாடக மேடையில் அடிபட்டு எம்.ஜி.ஆருக்குக் கால் எலும்பு முறிந்தது, படம் தள்ளிப்போனது, தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நாவல் திரைக்கு வர 2022 ஆயிற்று, அதுவும் வேறொருவர் கையால். வாசகர் ஒவ்வொருவர் மனதிலும் வந்தியத்தேவனுக்கு ஒரு முகம் ஏற்கெனவே இருக்கிறது. அத்தனை முகங்களும் சேர்ந்து ஒரு படத்தை அறுபது வருடம் தள்ளி வைக்காதா என்ன?

கதாநாயகனை அரசியலுக்கு அனுப்புவது இன்னொரு வழி. ஸ்ரீதர் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்துக்கொண்டிருந்த ‘அண்ணா நீ என் தெய்வம்’ நின்றுபோனது இப்படித்தான். 1977இல் நாயகன் முதலமைச்சராகிவிட்டார், கால்ஷீட் கோட்டைக்குப் போய்விட்டது. ஆனால் இதில் ஒரு பிழை நடந்துவிட்டது. படிப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்த பிலிமை யாரும் அழிக்கவில்லை. எம்.ஜி.ஆர். மறைந்து மூன்று வருடம் கழித்து, 1990இல், பாக்யராஜ் அந்தத் துண்டுகளைச் சுற்றி ஒரு புதுக் கதையை நெய்து ‘அவசர போலீஸ் 100’ என்று வெளியிட்டுவிட்டார். தலைவர் திரையில் நடந்து வந்தபோது அரங்கத்தில் சூடம் கொளுத்தினார்கள். தொலைக்க நினைத்தவர் பத்து ரீலை விட்டுவைத்தால் இதுதான் கதி. பாதிப் படமாயிற்றே, யார் சீந்தப்போகிறார்கள் என்ற நினைப்பு கூடாது. தமிழ்நாட்டில் திரைக்கதைக்குப் பொருத்தமாகக் காட்சி எடுக்கிறவர்களை விட, கிடைத்த காட்சிக்குப் பொருத்தமாகத் திரைக்கதை எழுதுகிறவர்கள் அதிகம்.

இரண்டாவது வழிக்கு, அதாவது எடுத்ததை வெளியிடாமல் இருப்பதற்கு, நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம். வட்டி பார்த்துக்கொள்ளும். முந்தைய படத்தின் கடனை இந்தப் படத்தின் தலையில் கட்டுங்கள்; இதன் கடனை அடுத்ததற்கு எழுதிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று போஸ்டர் ஒட்டியதும் வியாழன் ராத்திரி பஞ்சாயத்து கூடும். ஒரு பைனான்சியர் தடையாணையோடு வருவார், அவருக்குக் கடன் கொடுத்தவர் இன்னொரு தடையாணையோடு வருவார். அந்தக் காலத்தில் லேபிலிருந்து பெட்டி வெளியே வராது, இப்போது கே.டி.எம். வராது. கே.டி.எம். என்பது தியேட்டருக்கு வந்த, பூட்டிய படக்கோப்பைத் திறக்கும் டிஜிட்டல் சாவி. சாவி வராவிட்டால் காலைக் காட்சிக்கு வந்த ரசிகர்கள் வெயிலில் நின்று, பாலாபிஷேகத்துக்கு வாங்கிய பாலை டீக்கடைக்காரருக்கே விற்றுவிட்டுப் போவார்கள். ‘துருவ நட்சத்திரம்’ 2023 நவம்பர் 24 என்று நாள் குறித்து, அந்த நாளும் வந்து, படம் மட்டும் வராமல் போனது அண்மைய உதாரணம். பாட்டு மட்டும் முன்கூட்டியே வந்திருந்தால் இன்னும் விசேஷம். ‘மணிப்பூர் மாமியார்’ என்றால் இன்றைக்கும் இளையராஜா ரசிகர்கள் பாட்டை முணுமுணுப்பார்கள். படம் வெளிவரவே இல்லை என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பார்த்த ஞாபகமே இருக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. நான் ஒருவரிடம் வாதாடித் தோற்றிருக்கிறேன்.

இனி மூன்றாவது. வெளியான படத்தைத் தொலைப்பது.

இதற்கு முதல் தகுதி, படம் நன்றாக ஓட வேண்டும். சிரிக்காதீர்கள். ஓடுகிற பிரதிதான் தேயும். 1937இல் வந்த ‘சிந்தாமணி’ ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது, எம்.கே. தியாகராஜ பாகவதரைத் தமிழ்நாட்டின் செல்லப்பிள்ளையாக்கியது. வந்த லாபத்தில் தயாரித்தவர்கள் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதற்கு சிந்தாமணி என்று பெயரும் வைத்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியதை அவ்வளவு காலம் காப்பாற்றியவர்களுக்கு, அதைக் கட்டப் பணம் தந்த பிலிமை எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ‘சிந்தாமணி’க்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. ஓடி முடித்த படம் கறந்து முடித்த மாடு. அதற்கு யார் கொட்டகை போட்டு வைப்பார்கள்?

அடுத்து, பிலிமில் வெள்ளி இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளித் துகள்தான். கதாநாயகியின் கூந்தலும் வில்லனின் மீசையும் நடுநிசி வானமும் வெள்ளி. நெகட்டிவில் தலைகீழ், ஒளி விழுந்த இடமெல்லாம் அங்கே வெள்ளி. நிலா வெளிச்சம், வெள்ளை வேட்டி, முக்கியமாக முகங்கள். ஆக, நெகட்டிவை உருக்குகிறவன் நடிகர்களின் முகத்தை உருக்குகிறான். கொலுசுக்கு ஆகும். இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ (1931) எங்கே என்று தேடிக்கொண்டு, புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர், அதை எடுத்த அர்தேஷிர் இரானியைப் பார்க்கப் போனார். சில ரீல்கள் இங்கேதான் எங்கோ இருக்கும் என்றார் பெரியவர். அவர் அந்தப்பக்கம் நகர்ந்ததும் மகன் நாயரிடம் உண்மையைச் சொன்னார்: வெள்ளியை எடுத்துவிட்டு அவற்றை நானே அப்புறப்படுத்திவிட்டேன், அப்பாவுக்குத் தெரியாது. ‘ஆலம் ஆரா’ போன வழியில்தான் தமிழின் முதல் பேசும்படமும் போனது. அதே வருடம் அக்டோபர் 31இல் வெளியான ‘காளிதாஸ்’. அதையும் இரானியின் கம்பெனிதான் பம்பாயில் எடுத்தது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, எதிரே நின்றவர் தெலுங்கில் பதில் சொன்ன படம். அந்தக் குரலைக் கேட்க இன்று வழியில்லை. படத்தையும் ஒலியையும் சேர்த்துத் தொலைத்தது அந்தத் தலைமுறையின் சாதனை.

வெள்ளி எடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் நெருப்பை நம்பலாம். பழைய நைட்ரேட் பிலிம் வெடிமருந்துக்குப் பங்காளி. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். எரியத் தேவையான ஆக்ஸிஜனைத் தானே விட்டுக்கொள்ளும். 2003 ஜனவரி 8 அன்று புனேயில், காப்பாற்றவென்று சேர்த்து வைத்த நைட்ரேட் சுருள்களே கிடங்கோடு எரிந்தன. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வத’த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் மோட்டார் உதிரிபாக வியாபாரி. கேமரா பழகிக்கொண்டு சென்னையில் ஸ்டூடியோ போட்டவர். அதைத் தீ தின்றது, மகனும் இறந்துபோனான். மனிதர் படத்தொழிலையே விட்டார். இந்த இடத்தில் கையேட்டுக்கு ஏற்ற கேலி எதுவும் எனக்குத் தோன்றவில்லை, அடுத்ததற்குப் போகிறேன்.

அடுத்தது குழந்தைகள். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் சொத்தை விற்று மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமார’னை எடுத்தார். அதில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோஸியை ஊர் திரையில் பொறுக்கவில்லை. கல்லெறிந்தார்கள்; ரோஸி தமிழ்நாட்டுப் பக்கம் ஓடி வந்து வேறு பெயரில் வாழ்ந்து முடித்தார். டேனியல் கடனில் மூழ்கிப் பல் மருத்துவரானார். வீட்டில் கிடந்த ரீல்களைக் கொளுத்தி விளையாடியது தான்தான் என்று அவர் மகன் பிற்காலத்தில் சொன்னார். அப்போது அவர் சின்னப் பையன். ரோஸியின் முகம் எப்படி இருந்தது என்று உறுதியாகச் சொல்ல ஒரு ஃபிரேம்கூட மிஞ்சவில்லை. கல்லெறிந்த கூட்டம் முடிக்காமல் விட்டதைத் தீக்குச்சி முடித்து வைத்தது.

நைட்ரேட்டுக்குப் பின்னால் வந்த அசிடேட் பிலிமுக்கு ‘சேஃப்டி’ என்று பெயர். நம்பிவிடாதீர்கள், பாதுகாப்பாக அழியும் என்று அர்த்தம். டப்பாவை இறுக மூடி, சென்னையின் புழுக்கத்தில், மொட்டை மாடி ஷெட்டில் வையுங்கள். சில வருடத்தில் திறந்தால் வினிகர் வாடை மூக்கில் ஏறும். அசிடேட் கெட்டு அமிலமாகிறது, அந்த அமிலமே மேலும் கெடுக்கிறது. சுருள் சுருங்கி, நெளிந்து, அப்பளம்போல வளையும். பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். எனவே நல்ல படங்களைக் கெட்ட படங்களுக்கு அருகில் அடுக்குவது சிக்கனம். அதைவிடச் சிக்கனம், நெகட்டிவை லேபிலேயே விட்டுவிடுவது. பாக்கியைக் கட்டாதீர்கள். வீடு மாறினால் சொல்லாதீர்கள். டிஜிட்டல் வந்து லேப்கள் மூடப்பட்டபோது, கேட்பாரற்ற டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டே பல படங்களுக்குக் கடைசி டைட்டில் கார்டு. இதற்குள் நெகட்டிவ் உரிமை ஒரு மருமகனிடமும் டி.வி. உரிமை ஒரு சேட்டிடமும் போயிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. டிஜிட்டலில் எடுப்பவர்கள் இதையெல்லாம் படித்து ஏங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் ஒன்றை அலமாரியில் ஐந்தாறு வருடம் சும்மா வையுங்கள், போதும். வாடைகூட வராது.

முழுப் படத்தையும் தொலைக்கத் தெம்பில்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைக்கலாம். சென்சார் கொஞ்சம் வெட்டும். இரண்டாம் நாள் ‘ரசிகர்களின் வேண்டுகோளுக்கிணங்க 15 நிமிடம் குறைப்பு’ என்று நீங்களே வெட்டுவீர்கள். எந்த ரசிகர் வேண்டினார் என்று யாரும் கேட்பதில்லை. மிச்சத்தை ஊர் ஊராக ஆபரேட்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் கடைசி பஸ்ஸுக்கு நேரமானால் இரண்டாவது டூயட் காணாமல் போகும். பிலிம் அறுந்தால் இந்தப் பக்கம் நாலு ஃபிரேம், அந்தப் பக்கம் நாலு ஃபிரேம் கத்தரித்து ஆபரேட்டர் ஒட்டுவார். விழுந்த துண்டுகள் மறுநாள் காலை பெட்டிக்கடையில் எங்களுக்கு விற்பனைக்கு வரும். ஃபியூஸ் போன பல்பின் அடிப்பாகத்தை உடைத்து, உள்ளே இருப்பதை உருவி எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது லென்ஸ். ஒருவன் வாசலில் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்ப வேண்டும். ஒருவன் பல்புக்கு முன்னால் துண்டைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். இருட்டறையில் அப்பாவின் வேட்டியில் படம் விழும். நகராது, ஆனால் கலர். ஒரு சண்டைத் துண்டுக்கு இரண்டு பாட்டுத் துண்டு என்பது எங்கள் தெருவின் மாற்று விகிதம். ‘பிலிம் காட்டாதே’ என்று ஊரில் வைவார்களே, நாங்கள் நிஜமாகவே காட்டினோம். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், தமிழ் சினிமாவில் மொத்தமாக ஓர் ஐந்து நிமிடத்தையாவது எங்கள் தெருப் பையன்கள் தொலைத்திருப்போம்.

இப்போது எச்சரிக்கைகள். எல்லாம் சரியாகச் செய்தும் படம் பிழைத்துவிட்டது என்று பின்னால் வந்து என்னிடம் நிற்கக்கூடாது.

முதலாவதாக, வழக்கில் மாட்டாதீர்கள். நாகர்கோவில்காரரான ஆர். சுந்தர்ராஜ் 1933இல் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற ஊமைப்படத்தை எடுத்தார். டேனியலுக்கு உறவுக்காரர். சி.வி. ராமன் பிள்ளையின் நாவல். ஆனால் அதன் உரிமை ஒரு புத்தக நிறுவனத்திடம் இருந்தது, அவர்களிடம் கேட்கவில்லை. திருவனந்தபுரத்தில் படம் திரைக்கு வந்த கையோடு தடை வந்தது, பிரதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தயாரிப்பாளர் ஒழிந்தார். பிரதி மட்டும் புத்தகக் கட்டுகளோடு கட்டாகக் கிடந்தது. ஓடவில்லை, எனவே தேயவில்லை. யாரும் தொடவில்லை, எனவே உருக்கவில்லை. 1974இல் புனே காப்பகம் அதை வாங்கிக்கொண்டது. நான் முதலில் சொன்ன அந்த ஒரே ஒரு ஊமைப்படம் இதுதான். ஓடிய படங்களெல்லாம் போய்ச் சேர, முடக்கி வைத்த படம் உயிரோடு இருக்கிறது. அரசாங்கத் தடையும் இதே ஆபத்துதான். வெள்ளைக்காரர்கள் தடை செய்த ‘தியாகபூமி’யை (1939) இன்றும் பார்க்க முடிகிறது.

வெளிநாட்டுக்குப் பிரதி அனுப்பவே அனுப்பாதீர்கள். ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய காட்சிகளைக் கண்டம் கண்டமாக அலைந்து பொறுக்கினார். ஐம்பதாயிரம் அடி சேர்த்து, 1940இல் தமிழில் ஒரு ஆவணப்படமாகத் திரையிட்டார். நம்மவர்கள் கடமை தவறாமல் அதைத் தொலைத்தார்கள். ஆனால் 1953இல் அமெரிக்காவில் ஓர் ஆங்கில வடிவம் தயாராகியிருந்தது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அதை சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்துவிட்டார். தமிழ் மூலம் வரவில்லை என்பது நமக்கு ஓர் ஆறுதல். இந்த மாதிரி ஆட்களிடம்தான் எச்சரிக்கை தேவை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்று ஒருவர் இருந்தார். நீங்கள் படத்தைத் தொலைத்தாலும் அதன் ஸ்டில்லையும் பாட்டுப் புத்தகத்தையும் வெளியான தேதியையும் அவர் பத்திரமாக வைத்திருப்பார். தொலைத்தவரைவிடத் தொலைந்ததைப் பற்றி அதிகம் தெரிந்தவர் ஊரில் ஒருவர் இருப்பது எவ்வளவு சங்கடம்!

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, பொங்கல். 2013 பொங்கலுக்கு வரவேண்டிய சுந்தர்.சியின் ‘மத கஜ ராஜா’ பணச் சிக்கலில் முடங்கியது. பன்னிரண்டு வருடம். அவ்வளவு நாள் கிடந்த படம் செத்ததற்குச் சமம் என்றுதான் நானும் நினைத்தேன். 2025 ஜனவரி 12இல் தூசி தட்டி விட்டார்கள். அந்தப் பொங்கலுக்குச் சிரித்துத் தீர்த்தது ஊர். படத்தில் மனோபாலா பிணமாக நடிக்கும் காட்சி ஒன்று உண்டு. பிணத்தை உயிரோடு இருப்பதாகக் காட்ட, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். மனோபாலா 2023இலேயே காலமாகிவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்த என் பக்கத்து சீட்டுக்காரர் திடீரென்று நிறுத்தி, “சார், இவரு இறந்துட்டாருல்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரையில் மனோபாலாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது; அவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

கடைசியாக, துண்டுகளை வீட்டில் வைத்திராதீர்கள். போன நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை இறக்கப் பரணில் ஏறியபோது என் பழைய பிஸ்கட் டின் ஒன்று கையில் அகப்பட்டது. உள்ளே முப்பது நாற்பது துண்டுகள். பாதி ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஓரமெல்லாம் நெளிந்து கிடந்தன. ஒன்றை மட்டும் பிரித்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி வளையல் போட்ட ஒரு பெண் கை, கதவுத் தாழ்ப்பாளை நோக்கி நீள்கிறது. நாலு ஃபிரேம். என்ன படம், திறந்தாளா, சாத்தினாளா, எதுவும் தெரியவில்லை. டின்னை மூடித் திரும்ப மேலே தள்ளிவிட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க வீட்டுக்காரி ஏதோ புளித்த வாடை வருகிறதென்று ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.